அட்டையை விடுங்கள், மற்றிக்ஸ் இலக்கத்தைக் கேளுங்கள்

அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் இரண்டாவது இசைத்தட்டு ‘த ஃப்ரீவீலின் பொப் டிலன்’ 1963 மே 27இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதன் சாதாரணப் பிரதி இன்றும் கைக்கெட்டும் விலைக்குக் கிடைக்கும். அதே அட்டையும் நடுவில் ஒட்டிய அதே தாள் லேபலும் அதில் அதே பாட்டுப் பெயர்களும் உள்ள இன்னொரு மோனோ (ஒரே ஒலித்தடம் உள்ள) பிரதிக்குக் காணி விலை கேட்பார்கள். ஊசியை வைத்தால்தான் காரணம் தெரியும்: நான்கு பாட்டுகள் வேறு. கடைசி நேரத்தில் நான்கைத் தூக்கிவிட்டு வேறு நான்கைப் போட்டிருந்தது நிறுவனம். தூக்கியவற்றில் ஒன்று ஜோன் பேர்ச் சங்கம் என்ற கம்யூனிச எதிர்ப்பு வலதுசாரி அமைப்பைக் கிண்டலடிக்கும் பாட்டு. அதைப் பாடக்கூடாது என்று சொன்னதால்தான் அதே மே 12இல் எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை விட்டு டிலன் வெளியேறினார். பழைய அச்சில் அடித்த கொஞ்சத் தட்டுகள் எப்படியோ கடைகளுக்குப் போய்விட்டன.

அட்டையும் லேபலும் ஒன்றும் சொல்லாத இந்த நிலையில் பிரதியை இனங்காட்டுவது ஒரேயொரு இடம்தான். கடைசிப் பாட்டு முடிந்து லேபல் தொடங்கும் முன்னே பாட்டில்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். சேகரிப்பவர்கள் அதை ‘டெட் வாக்ஸ்’ என்பார்கள். அதில் கையால் கீறியோ அச்சால் குத்தியோ இருப்பது மற்றிக்ஸ் இலக்கம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து வாங்குகிறவர் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. விற்பவர் அனுப்பும் படத்தை நம்பித்தான் காசு கட்ட வேண்டும். ஆகவே எந்தப் படத்தைக் கேட்பது என்று தெரிந்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி.

உள்ளூரில் தேடலாமே என்றால், இங்கே மிஞ்சியது குறைவு. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடி, மருதமுனை, கல்முனை என்று கரையோர வீடுகளுக்குள் கடல் வந்தது. இடையில் யுத்தமும் இடப்பெயர்வும். ஓடுகிற நேரத்தில் யாரும் ரேடியோகிராமைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தப்பிய பெட்டிகளில் இருப்பவையும் பெரும்பாலும் கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில் அடித்த தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகள். அவற்றில் ‘கொலம்பியா’ என்று கண்டதும் டிலன் லேபல் என்று துள்ள வேண்டாம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அந்தப் பெயர் அப்போது பிரிட்டனின் ஈஎம்ஐ நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. அமெரிக்கக் கொலம்பியா வேறு கம்பனி. அதனால்தான் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே டிலன் சிபிஎஸ் என்ற பெயரில் வந்தார். அறுபதுகளின் பிரிட்டிஷ் சிபிஎஸ் தட்டில் செம்மஞ்சள் லேபல் இருக்கும். மோனோ என்றால் இலக்கத்துக்கு முன்னால் ‘பிபிஜி’, ஸ்டீரியோ என்றால் ‘எஸ்பிபிஜி’.

வளையத்தில் என்ன பார்ப்பது

ஒலிநாடாவில் இருப்பதை முதலில் மெழுகு போன்ற அரக்குப் பூச்சுள்ள அலுமினியத் தட்டில் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோகத் தந்தை, தந்தையிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்ராம்பர் எனப்படும் அச்சு. அந்த அச்சுத்தான் பிளாஸ்ரிக்கை நசுக்கித் தட்டாக்குகிறது. பாட்டை மாற்றினால் முதல் படியிலிருந்து புதிதாக வெட்ட வேண்டும். வெட்டின் இலக்கமும் கூடும். கொலம்பியாவில் மற்றிக்ஸ் இலக்கத்தின் கடைசியில் சிறு கோடு, ஓர் எண், ஓர் எழுத்து இருக்கும். எண் எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும். எழுத்து அதே வெட்டின் எத்தனையாவது அரக்குத்தட்டு என்பதைச் சொல்லும். ஃப்ரீவீலினின் அரிய பிரதியில் எண் 1. ‘1ஏ’ என்று வரும். நான்கு பாட்டும் மாறிய பிறகு வந்த சாதாரணப் பிரதிகளில் 2 அல்லது அதற்கு மேல்.

இதே தர்க்கம் 1965இன் ‘ஹைவே 61 ரிவிசிற்றட்’ தட்டிலும் வேலை செய்யும். முதற்பக்கம் 1 என்று முடியும் தொடக்கப் பிரதிகளில் ‘ஃப்ரொம் எ பியுயிக் 6’ பாட்டின் வேறொரு பதிவு இருக்கிறது. அது மவுத் ஓகனோடு தொடங்கும். வழமையான பதிவில் அது கிடையாது. விற்பவரிடம் முதல் பத்து விநாடியைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னால் கதை முடிந்தது. 1966இன் ‘புளொண்ட் ஒன் புளொண்ட்’ இரட்டைத் தட்டுக்கு மட்டும் அட்டையே சாட்சி. விரித்தால் உள்ளே நடிகை குளோடியா கார்டினாலேயின் படம் இருந்தால் முந்தியது. அனுமதியில்லாமல் போட்ட படம் என்பதால் பின்னால் எடுத்துவிட்டார்கள்.

படம் கேட்கும்போது “வளையத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்” என்று மட்டும் எழுதினால் கறுப்புப் பளபளப்பும் விற்பவரின் முகமும்தான் வரும். இப்படிக் கேட்க வேண்டும்: அறையை இருட்டாக்கி, ஒரு ரோர்ச்சைத் தட்டோடு தட்டாகப் பக்கவாட்டில் பிடித்து, மேலேயிருந்து நேராக எடுக்கவும். கீறலில் நிழல் விழும்போதுதான் எழுத்துத் தெரியும். வளையம் முழுவதையும் மூன்று நான்கு துண்டாக, இரண்டு பக்கத்துக்கும் எடுக்கச் சொல்லவும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 என்று கலந்து வரும் தட்டுகள் உண்டு. இந்தப் படங்களுக்குப் பிகு பண்ணுகிற ஆளிடம் விலையுயர்ந்த தட்டை வாங்காமல் இருப்பது நல்லது.

இலக்கத்தையும் போலியாகக் கீறலாம். கையால் கீறியதைப் போலி செய்வது லேசு. இயந்திரம் குத்தியதைச் செய்வது கஷ்டம். போலிகளில் அட்டைப்படம் பெரும்பாலும் அச்சிட்ட அட்டையிலிருந்தே திரும்பப் படமெடுத்தது. ஆகவே சின்ன எழுத்துகளின் ஓரம் மங்கியிருக்கும். படத்தில் அச்சுப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வலைபோலத் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும்.

இன்னொரு குழி: 1974 செப்டெம்பரில் நியூயோர்க்கில் பதிவு செய்த ‘பிளட் ஒன் த ட்ரக்ஸ்’ தொகுப்புக்கு, விற்பனைக்கு முன் சோதித்துப் பார்க்கும் பரீட்சைத் தட்டுகள் ஏற்கெனவே அடித்திருந்தன. டிசம்பரில் டிலன் மினியாபொலிசில் ஐந்து பாட்டுகளைத் திரும்பப் பாடினார். 1975 ஜனவரியில் வந்தது அந்தக் கலவை. முதல் பரீட்சைத் தட்டு எங்கேயாவது தோன்றினால் ஏலம் தான். ஆனால் அதே உள்ளடக்கத்தை 2019 ஏப்ரலில் உத்தியோகபூர்வமாகவே மறுபதிப்பாக விட்டார்கள். அதைப் பழசென்று விற்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள்.

பூட்லெக் என்றால் எது

மூன்றைப் போட்டுக் குழப்புகிறார்கள். வெளிவந்த தட்டை அட்டை முதல் லேபல் வரை அப்படியே பார்த்தடிப்பது போலி. வெளிவந்த பாட்டை வேறு அட்டையில் களவாக விற்பது திருட்டுப் பிரதி. பாடகரோ நிறுவனமோ வெளியிடவே செய்யாத பதிவை, அதாவது மேடைக் கச்சேரியையோ கலையகத்தில் ஒதுக்கியதையோ, களவாகத் தட்டாக்குவது பூட்லெக். முதல் இரண்டும் சேகரிப்பவருக்குக் குப்பை. மூன்றாவதற்குத்தான் பைத்தியம்.

ரொக் இசையில் அதைத் தொடக்கி வைத்ததும் டிலன் பாட்டுத்தான். 1969 கோடையில் லொஸ் ஏஞ்சல்ஸ் கடைகளுக்கு வெறும் வெள்ளை அட்டையில் ஓர் இரட்டைத் தட்டு வந்தது. பிற்பாடு ‘கிரேற் வைற் வொண்டர்’ என்று பெயர் நிலைத்தது. 1961இல் மினசோட்டாவில் தனியாகப் பாடிப் பதிந்தவை, 1967இல் வீட்டு நிலவறையில் குழுவோடு பதிந்தவை, ஜொனி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியது என்று ஒரு கதம்பம். அதை அடித்தவர்கள் பின்னர் பன்றிச் சின்னத்தோடு ‘ட்ரேட்மார்க் ஒஃப் குவாலிற்றி’ என்ற லேபலை நடத்தினார்கள். இதற்குத் துணிவு எங்கிருந்து வந்தது? அமெரிக்க மத்திய பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கத் தொடங்கியதே 1972 பெப்ரவரி 15இல்தான். அதற்கு முன் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை இருந்தது. பதிவான சத்தத்துக்கு மாநிலச் சட்டங்களை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

பூட்லெக்கில் அட்டை சொல்வதை வேதமாக எடுக்கக்கூடாது. ‘ரோயல் அல்பேர்ட் மண்டபம், 1966’ என்று பல வருடம் சுற்றிவந்த புகழ்பெற்ற தட்டு உண்மையில் 1966 மே 17இல் மான்செஸ்ரர் ஃப்ரீ ட்ரேட் மண்டபத்தில் நடந்த கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் டிலனைப் பார்த்து “யூதாஸ்!” (துரோகி) என்று கத்தியது அங்கேதான். 1998இல் நிறுவனமே அதை வெளியிட்டபோது பிழையான பெயரை விடாமல் மேற்கோள் குறிக்குள் போட்டது. பிழை அவ்வளவு ஊறிவிட்டிருந்தது.

கேட்பதற்கு மட்டும் என்றால் இன்று பூட்லெக் தேவையில்லை என்பது நமது எண்ணம். 1991இல் தொடங்கிய உத்தியோகபூர்வ ‘பூட்லெக்’ வரிசையில் பெரும்பகுதி வந்துவிட்டது. நிலவறைப் பதிவுகள் 2014இல் 6 இறுவட்டாக வந்தன. 1966 கச்சேரிகள் 2016இல் 36 இறுவட்டாக. பழைய தட்டின் பெறுமதி இப்போது பொருள் என்ற வகையில்தான்: ரப்பர் முத்திரை குத்திய அட்டை, நிறத் தட்டு, ஒட்டிய தாள். இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. மிக அரிதான சில தட்டுகளைச் செய்தது களவாணிகள் அல்ல, நிறுவனமே. ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 50இலிருந்து 70 ஆண்டாகக் கூடியபோது, 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஆனது. உடனே 2012 முடிவில் 1962 பதிவுகளை ஏறத்தாழ நூறு பிரதி மட்டும், எழுதும் இறுவட்டில் அடித்துக் கடைக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் 6 தட்டுப் பெட்டியாக. விற்பதற்காக அல்ல, வெளியிட்டோம் என்று சொல்வதற்காக.

இரைச்சலே சாட்சி

பூட்லெக்கின் தரத்தை நிர்ணயிப்பது எத்தனையாவது கைப் பிரதி என்பது. கசெற்றிலிருந்து கசெற்றுக்கு அடித்த பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் ‘உஸ்’ கூடும், மேல்தொனி மங்கும். அத்தோடு வேகமும் பிழைக்கும். பற்றறி இறங்கிய ரெக்கோடரில் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், சரியான வேகத்தில் போடும்போது பாடகர் அவசரப்பட்டு, குரல் மெலிந்து கேட்கும். சுமார் 6 சதவீதம் பிழைத்தால் ஒரு அரைச்சுரம் ஏறிவிடும்.

அதைக் காதால் ஊகிக்க வேண்டியதில்லை. மேடையின் மின்சார இரைச்சல் நாடாவில் பதிந்திருக்கும். பிரிட்டனில் அது 50 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு), அமெரிக்காவில் 60. தட்டைக் கணினியில் பதிந்து, ஓடாசிற்றி மென்பொருளில் இரண்டு பாட்டுக்கிடையே அமைதியான துண்டைத் தெரிவு செய்து அலைவரிசை வரைபடம் போடுங்கள். 44,100 மாதிரி வீதத்தில், அந்த வரைபடத்திலுள்ள ‘சைஸ்’ என்ற அளவை 65,536 என்று வைத்தால் முக்கால் ஹேர்ட்சுக்கும் குறைந்த துல்லியம் கிடைக்கும். 50ஐ விட அதன் இரட்டிப்பான 100இல் பார்ப்பது நல்லது. அங்கே பிழையும் இரட்டிப்பாகத் தெரியும். பிரிட்டிஷ் கச்சேரியில் கூர்முனை 104இல் நின்றால் பதிவு 4 சதவீதம் வேகம். திருத்தும்போது 4 குறைக்கக்கூடாது. 104ஐ 100 ஆக்க 3.85 சதவீதம் குறைத்தால் போதும். பிளேயரில் வேகம் கூட்டிக் குறைக்கும் தடி இருந்தால் அதிலேயே திருத்திக் கேட்கலாம்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல். இலங்கை மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ். உங்கள் அம்பிளிஃபயரின் இரைச்சலும் 50இலும் 100இலும் நிற்கும். ஆகவே முதலில் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். அப்போதும் வருகிற முனை வீட்டுடையது, ஊசி இறங்கியதும் புதிதாக வருவது தட்டினுடையது. பிரிட்டிஷ் கச்சேரி ஒன்றில் 60க்குக் கிட்டவும் ஒரு முனை தெரிந்தால், அந்த நாடா அமெரிக்காவில் ஒரு முறையாவது பிரதி எடுக்கப்பட்டிருக்கலாம். அட்டையில் ‘மூலநாடாவிலிருந்து’ என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

பூட்லெக்குகளில் இன்னொரு பொதுக் குறை, ஒரு பக்கத்தில் அரை மணித்தியாலம் வரை திணிப்பது. 20 நிமிடத்தைச் சுற்றி நின்றால் கானுக்கு, அதாவது ஊசி ஓடும் பள்ளத்துக்கு, அகலம் கிடைக்கும். அதற்கு மேல் போகப் போகச் சத்தத்தையும் அடித்தொனியையும் குறைத்தே வெட்ட வேண்டும்.

தபாலும் சுங்கமும்

தரக்குறியீட்டை ஒரு படி இறக்கி வாசியுங்கள். சேகரிப்பவர்கள் பாவிக்கும் கோல்ட்மைன் அளவுகோலில் ‘நியர் மின்ற்’ (கிட்டத்தட்டப் புதிது) விலையில் பாதி ‘விஜி பிளஸ்’ (மிக நன்றுக்கு ஒரு படி மேல்) தட்டுக்கு, கால்வாசி ‘விஜி’ (மிக நன்று) தட்டுக்கு. பொதி கட்டும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, தனியே பொலித்தீன் உறையிலிட்டு, அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பொதி விழும் ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழிக்கும். வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதிக்கு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் உடைந்து வரும்போது கிடைக்கும் நட்டஈடும் அந்தக் குறைந்த தொகைதான். பூட்லெக்குக்கு வேறு ஆபத்து உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. உரிமை மீறிய பிரதியைச் சுங்கம் மறித்தால் கேட்க வழியில்லை. தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்திலும் இவற்றின் விவரத்தை வாசிக்கலாம், விற்கவோ வாங்கவோ விடமாட்டார்கள்.

பிளேயர் விஷயம்

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய அமெரிக்கப் பிளேயரில் பலர் ஏமாறுவது இங்கேதான். 230 வோல்ற்றை 120 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிக் கொளுவுவார்கள். மோட்டர் சுற்றும், பாட்டு சாவீட்டுப் பறை மாதிரி இழுக்கும். வோல்ற்றேஜ் மாறினாலும் ஹேர்ட்ஸ் மாறாது என்பதே காரணம். மின்சாரத்தின் ஹேர்ட்சோடு சேர்ந்தே சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டர் 60 ஹேர்ட்சுக்குச் செய்ததாக இருந்தால், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகும், பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். மோட்டர் தண்டிலுள்ள கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும். அந்த மொடலுக்கு 50 ஹேர்ட்ஸ் கப்பி தனியே விற்றால் அதிர்ஷ்டம். டிசி மோட்டர் உள்ளதற்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் மோட்டரே தட்டை நேராகச் சுற்றும் டிரெக்ற் டிரைவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வோல்ற்றேஜைக் கவனித்தால் போதும்.

வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தாளை (வளையம் வளையமாகக் கோடு அடித்த வட்டத் தாள்) வைத்தால் 33⅓க்கு 180 கோடு உள்ள வளையத்தைப் பாருங்கள். 216 கோடுள்ளது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்கு. கோடு அசையாமல் நின்றால் சரி. வெளிச்சம் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்க வேண்டும். பழைய சோக் வைத்த ரியூப் லைற் நல்லது. பல எல்ஈடி பல்புகளில் கோடு தெரியவே தெரியாது.

கல்லடி வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் கேட்பார்களே, ஊசித்தண்டின் வேலை அதேதான்: ஒரு முனையின் அதிர்வை மறுமுனைக்குக் கடத்துவது. துடுப்பை அழுத்திப் பிடித்தாலும் விட்டுப் பிடித்தாலும் கேட்காது. ஊசி தட்டில் அழுத்தும் பாரம் ஓடியோ டெக்னிக்கா விஎம்95ஈ ஊசிக்கு 2 கிராம், ஓர்ற்றோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. குறைத்து வைத்தால் தட்டுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. இலேசான ஊசி கானில் துள்ளிச் சுவரைக் கடிக்கும். பழைய ரேடியோகிராமின் 5 கிராமுக்கு மேற்பட்ட பாரத்தில் அரிய தட்டைப் போடவே கூடாது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கார்ற்றிஜின் (ஊசி பொருத்திய சிறு துண்டின்) பின்னாலுள்ள நான்கு முள்ளிலும் உப்பு பிடித்துப் பச்சை பூக்கும். ஒரு பக்கச் சத்தம் விட்டு விட்டு வரும். கடையில் சொல்லுமுன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள்.

கச்சானும் மாரியும்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரோடு சாய்த்த தட்டு நெளியும். நெட்டுக்குத்தாக, சாயாமல், நிலத்துக்கு இரண்டடி மேலே வையுங்கள். ஒரு அடி நீளத்தில் 80 தட்டுக்குக் கிட்ட நிற்கும், பாரம் 20 கிலோவைத் தாண்டும்; மெல்லிய பலகை வளைந்தால் எல்லாம் சாயும். சுற்றியிருக்கும் கடைப் பொலித்தீன் சூட்டில் சுருங்கித் தட்டையும் இழுத்து வளைக்கும்; சீல் உடைக்காமல் வைப்பது பெருமையாக இருந்தாலும் இந்த வெயிலுக்கு ஒத்துவராது. மெத்தென்ற பிவிசி உறையிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை தட்டில் புகைபோலப் படிந்து நிரந்தரமாகிவிடும். பொலிஎதிலீன் அல்லது பொலிப்ரொப்பிலீன் உறையே போதும்.

மாரியில் பூஞ்சணம். அது பிளாஸ்ரிக்கைத் தின்பதில்லை. விரற்பசையிலும் கடதாசி உறையிலும்தான் வளரும். கழுவ 800 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், 200 மில்லிலீற்றர் ஐசோப்ரொப்பைல் அல்ககோல், புகைப்படம் கழுவுவோர் பாவிக்கும் ஈரமாக்கும் திரவத்தில் இரண்டு மூன்று துளி. பெற்றோல் செட்டில் விற்கும் பற்றறித் தண்ணீரும் ஆகும். பக்கத்தில் இருக்கும் அசிட் போத்தலை மாறி எடுத்துவிட வேண்டாம். கிணற்று நீர் காய்ந்தால் உப்பு கானுக்குள் தங்கி ‘டிக், டிக்’ என்னும். நான்கு அங்குல மூடி ஒன்றால் லேபலை மறைத்து, மெல்லிய துணியால் கான் போகும் வழியே துடைத்து, பின் வெறும் வடித்த நீரால் அலசி, காற்றாடியில்லாத இடத்தில் நிறுத்திக் காயவிடுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் அல்ககோல் படக்கூடாது, அது கரைந்துவிடும்.

2011 ஜனவரி போல வெள்ளம் வந்தால் தட்டு தப்பும், அட்டை தப்பாது. நனைந்ததும் உறையைக் கழற்றிக் கழுவி, நிழலில் நிறுத்தினால் பெரும்பாலும் பாடும். ஆனால் அட்டை போன வெள்ளை லேபல் பூட்லெக் எது என்று சொல்ல வளையத்திலுள்ள கீறலைத் தவிர வேறொன்றும் இராது. ஒவ்வொரு தட்டின் மற்றிக்ஸ் இலக்கத்தையும் இரு பக்கமும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எழுதுவது பென்சிலால், பல பேனை மைகள் நீரில் கரையும்.